மாமாவின் பத்மினியும் ஒரு கேன் தண்ணீரும்

தாணே என்றால் பலருக்கும் இரண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒன்று, 1853 ஏப்ரல் 16-ம் தேதி போரி பந்தரிலிருந்து கிளம்பிய முதல் பயணிகள் ரயில் வந்து சேர்ந்த ஊர். இரண்டு, கோட்பந்தர் ரோடு டிராஃபிக். எனக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: எங்கள் சொசைட்டி பார்க்கிங்கில், கடைசித் தூணுக்குப் பக்கத்தில், தூசி மூடி நின்ற ஒரு பிரீமியர் பத்மினி.

வண்டி மாமாவுடையது. மாமா என்றால் சொந்த மாமா இல்லைங்க. மும்பையில் நம்ம கட்டிடத்தில் இருக்கிற வயசான தமிழர் எல்லாருமே மாமாதான். கல்லிடைக்குறிச்சிக்காரர். 1968-ல் வேலை தேடி வந்து மாட்டுங்காவில் நாலு பேரோடு ஒரே அறையில் இருந்திருக்கிறார். கல்யாணம் ஆனதும் செம்பூர், ரிடையர் ஆனதும் தாணே. மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருடைய ஜாதகம் இதேதான். மாட்டுங்கா, செம்பூர், அப்புறம் முலுண்ட் அல்லது தாணே அல்லது டோம்பிவிலி. வீடு கொஞ்சம் பெரிசாகும், ஆபீஸ் கொஞ்சம் தூரமாகும். வண்டி 1975-ல் பதிவானது. மாமா அதை 1984-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். அன்றிலிருந்து எல்லா வீட்டுக்கும் கூடவே வந்திருக்கிறது.

2025 ஏப்ரலில் சொசைட்டி கமிட்டி ஒரு நோட்டீஸ் ஒட்டியது. ஓடாமல் நிற்கும் வண்டிகளை ஒரு மாதத்துக்குள் அப்புறப்படுத்த வேண்டும். நியாயம்தான், இடம் கிடைக்காமல் ரோட்டில் நிறுத்துகிறவர்கள் எத்தனையோ பேர். பழைய இரும்புக்காரர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு விலையும் சொல்லிவிட்டுப் போனார். அமெரிக்காவிலிருக்கும் பையன் போனில் "குடுத்துடுப்பா, இன்னும் எதுக்கு?" என்று கேட்டுவிட்டான்.

மாமா என் வீட்டுக் கதவைத் தட்டினார். "ஓடாத வண்டியைத்தானே எடுக்கச் சொல்றா? ஓட்டிக் காட்டிட்டா ஆச்சு. நீ கூட வரியா?"

அடியேனுக்குத் தெரிந்ததெல்லாம் கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் அணைத்துப் போடுவது மட்டும். அதைச் சொன்னேன். "பரவாயில்லை, கனமா தூக்க ஆள் வேணும்" என்றார்.

என்ன கோளாறு என்று கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில். "கொதிக்கறது."

மூன்று வருஷம் முன்னால் மாமி காலமானபோது, அஸ்தியைக் கரைக்க நாசிக் ராம்குண்டுக்கு இந்த வண்டியில்தான் கிளம்பியிருக்கிறார்கள். கசாரா காட்டில் (மலைப்பாதைக்கு இங்கே காட் என்றுதான் பேர்) பாதி ஏற்றத்தில் பானெட்டிலிருந்து புகையாக ஆவி. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாடகைக் கார் பிடித்துப் போனார்கள். அதன் பிறகு கட்டி இழுத்து வந்து தூணோரம் நிறுத்தியதுதான். மாமா இதை இரண்டே வரியில் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். நானும் மேலே கேட்கவில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். வண்டியை ரிப்பேர் பண்ணின கதை பின்னால் வருகிறது. ரிப்பேருக்காக அலைந்தபோது அதன் பூர்வீகத்தையும் கொஞ்சம் தோண்டினேன். முதலில் அது.

வால்சந்த் ஹீராசந்த் என்ற சோலாப்பூர்க்காரர்தான் இதற்குப் பிள்ளையார் சுழி. கப்பல் கம்பெனி, கப்பல் கட்டும் தளம், பெங்களூரில் விமானத் தொழிற்சாலை என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே வரிசையாகத் தொடங்கியவர். 1944-ல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸை நிறுவினார். தொழிற்சாலை நம்ம குர்லாவில். முதலில் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனியோடு சேர்ந்து டாட்ஜ், பிளிமத் வண்டிகளைப் பூட்டிக் கொடுத்தார்கள்.

பம்பாய்க்குக் கார் பூட்டுவது அப்போது புதிதில்லை. அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே சேவ்ரியில் பாகங்களை இறக்கிப் பூட்ட ஆரம்பித்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் ஒரு முடிவெடுத்தது. வெறுமனே பூட்டுகிறவர்கள் வேண்டாம், இங்கேயே பாகங்களைச் செய்ய ஒப்புக்கொள்கிறவர்கள் மட்டும் இருக்கலாம். 1950-களின் பாதிக்குள் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாயில் பியட், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு என்று இந்தியக் கார் உலகம் மூன்று கடைகளில் அடங்கிப்போனது.

இத்தாலியில் 1953-ல் வெளிவந்த பியட் 1100, அடுத்த வருஷமே குர்லாவுக்கு வந்துவிட்டது. அந்த முதல் உருண்டை மாடலை மராட்டியர்கள் செல்லமாக டுக்கர் பியட், அதாவது பன்றி பியட் என்பார்கள். 1964-ல் வந்த மாடலுக்கு இங்கே டிலைட் என்று பேர். பியட்டுடன் ஒப்பந்தம் முடிந்ததும் 1970-களின் தொடக்கத்தில் அதே வண்டி பிரீமியர் பிரெசிடென்ட் ஆனது. 1974-ல் சித்தூர் ராணியின் பெயரில் பத்மினி ஆனது. ஆக, பேர்தான் மாறியதே தவிர ஆள் அதேதான். 1089 சிசி, நாலு சிலிண்டர், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கியர். இத்தாலிக்காரன் 1960-களிலேயே மூட்டை கட்டின மாடலை நாம் புத்தாயிரம் பிறக்கும்வரை செய்துகொண்டிருந்தோம்!

இதைக் கேலியாக மட்டும் பார்க்கக்கூடாது. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. கையில் கிடைத்த புது வண்டியை வாங்கின விலைக்கு மேலேயே விற்கலாம். அதனால் வாங்கினவர் வண்டியைத் தூக்கிப் போடமாட்டார். ரிப்பேர் பண்ணிப் பண்ணி வைத்துக்கொள்வார். இந்த ஒரு கட்டாயத்திலிருந்துதான் பம்பாயில் ஒரு பெரிய மெக்கானிக் உலகமே முளைத்தது.

இப்போது தண்ணீர் விவகாரம். எந்த பெட்ரோல் இன்ஜினிலும், எரிகிற பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகும். ஒரு பங்கு சைலன்சர் வழியாகச் சூடாக வெளியே போய்விடும். மிச்சப் பங்கு இன்ஜின் உடம்பிலேயே சூடாகத் தங்கும். அதை வெளியேற்றாவிட்டால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும்.

கார் பிறந்த அன்றே இந்தத் தலைவலியும் பிறந்துவிட்டது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் செய்த முதல் மோட்டார் வண்டியில் ரேடியேட்டரே கிடையாது. சுற்றிலும் தண்ணீர், அது கொதித்து ஆவியாகப் போய்விடும், அவ்வளவுதான். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமிலிருக்கும் அம்மா வீட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியிலேயே போனார். வழியெல்லாம் கிடைத்த இடத்தில் தண்ணீர் வாங்கி ஊற்றிக்கொண்டேதான் பயணம். உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார் பயணமே தண்ணீர் ஊற்றின பயணம்தான் என்று நான் சொன்னபோது மாமா முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே!

1900 வாக்கில் வில்ஹெல்ம் மேபாக் என்ற பொறியாளர் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொடிப்பொடிக் குழாய்களை அடுக்கித் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர் செய்து மெர்சிடஸ் காரின் முன்னால் வைத்தார். அதே தண்ணீர் சுற்றிச்சுற்றி வரும், எதிர்காற்று பட்டு ஆறும். இன்றுவரை அடிப்படை இதேதான். பிறகு தண்ணீரைத் தள்ள பம்ப் வந்தது. இன்ஜின் சூடாகும்வரை தண்ணீர் ரேடியேட்டர் பக்கம் போகாமல் கதவடைக்கும் தெர்மோஸ்டாட் வந்தது. கடைசியாக ரேடியேட்டருக்கு அழுத்த மூடி வந்தது.

அழுத்த மூடி நம்ம வீட்டு குக்கர் வெயிட் மாதிரி. ஆவியை உள்ளேயே அடக்கி அழுத்தத்தைக் கூட்டினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. ஒரு பவுண்டு அழுத்தத்துக்கு ஒன்றரை டிகிரி சொச்சம் கொதிநிலை ஏறும். மலை ஏறினால் இதற்கு நேர்மாறு. கசாரா உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 580 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து அழுத்தம் நிற்காத வண்டிக்கு மலையேற்றத்தில் இரட்டை அடி.

இந்த மூடியில் நமக்கெல்லாம் ஒரு பெருமையும் இருக்கிறது. நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911-ல் மதுரையில் தொடங்கிய டிவிஎஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ். 1990-களின் தொடக்கத்தில் அவர்கள் ஜெனரல் மோட்டார்ஸின் இங்கிலாந்துத் தொழிற்சாலையிலிருந்த ரேடியேட்டர் மூடி செய்யும் இயந்திர வரிசையை விலைக்கு வாங்கி மெட்ராஸ் பக்கம் கொண்டுவந்து, அங்கிருந்து செய்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே அனுப்ப ஆரம்பித்தார்கள். சேவ்ரியில் கடையை மூடிவிட்டுப் போனவர்களுக்கு நாற்பது வருஷம் கழித்து மூடி போட்டது நம்ம ஊர்! (கடி ஜோக்குக்கு மன்னிக்கவும்.)

அப்படியானால் பத்மினி ஏன் கொதித்தது? டிசைன் மோசமா? இல்லை. இத்தாலியிலும் ஆல்ப்ஸ் மலை இருக்கிறது, அங்கேயும் ஏறினது. ஆனால் இந்த வண்டியின் விசிறி இன்ஜினோடு பெல்ட்டால் கட்டப்பட்டது. இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். சயன் சிக்னலில் மே மாசத்து மத்தியானம் பத்து நிமிஷம் நின்றால் எதிர்காற்றும் இல்லை, விசிறிக் காற்றும் இல்லை. மலை ஏற்றத்தில் இன்னொரு மாதிரி. இன்ஜின் முழு மூச்சில் உழைக்கும், வண்டியோ மாட்டு வண்டி வேகத்தில் போகும். சூடு அதிகம், காற்று குறைவு. போதாததற்கு இன்ஜின் உடம்பு வார்ப்பிரும்பு, தலை அலுமினியம். கொதித்தால் இரண்டும் வேறுவேறு அளவில் விரியும். தலை வளைந்து, நடுவிலிருக்கும் கேஸ்கட் போய்விட்டால் பெரிய செலவு.

இதை பம்பாய் டாக்ஸிக்காரர்கள் புத்தகம் படிக்காமலே தெரிந்துவைத்திருந்தார்கள். டிக்கியில் எப்போதும் ஒரு கேன் தண்ணீர். வெயில் காலத்தில் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது. ரேடியேட்டரில் பொத்தல் விழுந்தால் ஒரு கைப்பிடி மஞ்சள்பொடி, ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். அவசரத்துக்கு எல்லாமே வேலை செய்யும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் வட்டி கட்டவேண்டும்.

அந்த வட்டியை நாங்கள் கட்டினது தாராவியில்.

ரேடியேட்டரைக் கழற்றுவதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. (தூக்கினது நான்தான், நம்புங்க!) கீழே திருகைத் திறந்து தண்ணீரை வடித்தபோது வந்தது தண்ணீர் இல்லை, செங்கல் சேறு. தெரிந்தவர்கள் சொல்லி, 90 அடி சாலையிலிருந்து ஒரு சந்துக்குள் இருக்கும் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பட்டறைக்காரர் அண்ணாச்சி, அறுபது வயசு இருக்கும், பிறந்தது தாராவியிலேயே. ஆனால் பேச்சு இன்னும் தாமிரபரணித் தண்ணிதான்.

மேல் தொட்டியின் பற்றை உருக்கி எடுத்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்.

"யாரு சார் இதுக்குள்ள மஞ்சப்பொடி போட்டது?"

மாமா பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான். 1991-ல. லோனாவாலா தாண்டி ஒரு பொத்தல்."

"முப்பத்திநாலு வருசமா உள்ள ஊறிக்கிட்டு கெடக்கு. பாதிக் கொழாய்க்கு மேல அடைப்பு. பெறகு கொதிக்காம என்ன செய்யும்?"

அண்ணாச்சி நேர்மையாகவே இரண்டு வழி சொன்னார். ஒன்று, புதிதாக அலுமினிய ரேடியேட்டரும் கரண்ட் விசிறியும் பொருத்திவிடலாம், இரண்டு நாளில் வேலை முடியும். இல்லை, இந்தப் பழைய பித்தளையையே சரி பண்ணலாம். அஞ்சு நாள் ஆகும், கூலியும் கூட. "ஒண்ணு தெரிஞ்சுக்கிடுங்க. அலுமினியத்துக்கு மேல பிளாஸ்டிக் தொட்டி வெச்சு மடக்கியிருப்பான். உடைஞ்சா தூக்கிப் போடத்தான் வேணும். இது அப்படி இல்ல. பத்து வைக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்குற வரைக்கும் இதுக்கு சாவு கெடையாது."

மாமா பித்தளை என்றார்.

பத்து வைப்பது என்றால் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றால் பித்தளையை ஒட்டவைப்பது. அண்ணாச்சியின் அப்பா ஊரிலிருந்து வந்தபோது தொழில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது. மாட்டுங்காவில் வீடு வீடாகப் போய், வாசலில் துருத்தி வைத்து, பித்தளைப் பாத்திரங்களுக்கு நவச்சாரம் போட்டுத் தேய்த்து ஈயம் பூசுவாராம். எவர்சில்வர் வந்தது, அந்தப் பிழைப்பு போனது. அதே ஈயம், அதே நெருப்பு, அதே கை. அவர் ரேடியேட்டருக்கு மாறிக்கொண்டார். மாமா சட்டென்று கேட்டார்: "தெலங் ரோட்டுப் பக்கம் வருவாரோ?" அந்தப் பக்கமெல்லாம் வருவார் என்றார் அண்ணாச்சி. அதற்குமேல் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஏதோ செய்தது. ஒரு காலத்தில் இவர் வீட்டுப் பித்தளையை அவர் அப்பா தொட்டிருக்கலாம்.

வேலை இப்படி நடந்தது. தொட்டியைக் கழற்றின ரேடியேட்டரைக் காஸ்டிக் சோடா கரைத்த கொதிநீரில் போட்டு அழுக்கை இளக்கினார். பிறகு மெல்லிய தட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டு, குழாய் கிழியாமல், மேலிருந்து கீழே குத்திக் குத்தி எடுத்தார். பொறுமை என்றால் அது பொறுமை. மூன்று குழாய் தேறவில்லை, அவற்றை இரண்டு முனையிலும் பற்று வைத்து அடைத்தார். திரும்பத் தொட்டியைப் பொருத்தி, வாய்களை அடைத்து, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினார். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்ப்பது போலத்தான். குமிழி வந்த இரண்டு இடத்தில் மறுபடி பற்று. குமிழி நின்றது.

இதற்கிடையில் வண்டியில் மிச்ச வேலைகள். தண்ணீர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அதில் ஈரம் கசிந்தால் உள்ளேயிருக்கும் சீல் போய்விட்டது என்று அர்த்தம். எங்கள் பம்ப் அழுதுகொண்டிருந்தது. மாற்றுப் பம்ப் கிடைத்தது குர்லா சிஎஸ்டி ரோட்டுப் பழைய பாகக் கடையில், வண்டி பிறந்த ஊரிலேயே! ரப்பர் ஹோஸ் இரண்டும் விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கின, புதுசு போட்டோம். விசிறி பெல்ட், ரேடியேட்டர் மூடி புதுசு. இன்ஜின் உடம்புக்குள் தண்ணீர் போகும் வழியையும் எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுத் தெளிவாக வரும்வரை அலசினோம்.

தெர்மோஸ்டாட் என்றோ கழற்றப்பட்டிருந்தது. போடலாமா வேண்டாமா என்று எனக்கும் மாமாவுக்கும் ஒரு பட்டிமன்றம். "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?" என்பது மாமா கட்சி. அது இல்லாவிட்டால் இன்ஜின் தன் சரியான சூட்டுக்கு வர நேரம் ஆகும், அதுவரை பெட்ரோல் கூடக் குடிக்கும், சிலிண்டரும் தேயும் என்பது நான் படித்த கட்சி. கடைசியில் போடுவது, ஆனால் சோதித்துவிட்டுப் போடுவது என்று தீர்ப்பு. எங்கள் வீட்டு அடுப்பில் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டு, தெர்மாமீட்டரும் கையுமாகக் காத்திருந்தோம். எண்பது தாண்டியதும் வாய் மெல்லத் திறந்தது. மாமா கை தட்டினார். தங்கமணி அந்தப் பாத்திரத்தை இன்றுவரை சமையலறைக்குள் விடவில்லை.

கடைசியாக, வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். போர்வெல் உப்புத் தண்ணீர் உள்ளே போய்ப் பாறையாகும். காய்ச்சி வடித்த நீரில் பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்தோம். கொதிநிலையும் ஏறும், துருவும் பிடிக்காது. பித்தளைக்கும் ஈயப் பற்றுக்கும் ஒத்துக்கொள்கிற ரகமா என்று டப்பாவில் பார்த்து வாங்கணும். ஒரு எச்சரிக்கை: கூலண்ட் இனிக்கும், ஆனால் விஷம். குழந்தைகளும் நாய் பூனைகளும் இருக்கும் இடத்தில் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்.

அண்ணாச்சியிடம் கிளம்பும்போது இப்போதெல்லாம் பத்மினி வருமா என்று கேட்டேன். "எங்க சார், டாக்ஸிதான் போயிருச்சே" என்றார்.

ஆமாம், போய்விட்டது. கறுப்பும் மஞ்சளுமாக இந்த ஊரின் முகமாகவே இருந்த வண்டிகள் அவை. 2000-களின் தொடக்கத்தில் காற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவுகளால் டாக்ஸிகள் சிஎன்ஜிக்கு மாறின. 2008-ல் டாக்ஸிக்கு 25 வயசு என்று வரம்பு வந்தது, 2013-ல் அது 20 ஆனது. கடைசி பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29-ம் தேதி தார்தேவ் ஆர்டிஓவில் பதிவானது. 2023 அக்டோபர் 29-ம் தேதியோடு அதற்கும் இருபது முடிந்தது. மறுநாளிலிருந்து மும்பைத் தெருவில் பத்மினி டாக்ஸி கிடையாது. புகை குறைந்தது நல்லதுதான், குழந்தைகள் மூச்சுவிடுகிற காற்று. ஆனால் அந்த வண்டிகளை ஓடவைத்த கைகளுக்கு யாரும் பிரிவு உபசார விழா நடத்தவில்லை. தாராவியிலும் மறுசீரமைப்புக்காக 2024-ல் வீடு, கடைக் கணக்கெடுப்பு தொடங்கிவிட்டது. தன் பட்டறைக்கு எங்கே இடம் கிடைக்கும் என்பது அண்ணாச்சிக்கே தெரியாது.

மாமா வண்டி சொந்த வண்டி, அதனால் இந்த வயசு வரம்பு அதற்கு இல்லை. பதிவைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் இருபது வயசு தாண்டிய கார்களுக்கு 10,000 ஆனது. இன்னொரு வழியும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வயசு தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். கட்டணம் 20,000, பத்து வருஷம் செல்லும், நம்பரில் 'விஏ' என்ற எழுத்தும் வரும். கேட்க ஜோராக இருக்கிறதல்லவா? ஆனால் அப்படிப் பதிவு செய்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று சில காரியங்களுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம்.

இதைச் சொன்னதும் மாமா யோசிக்கவே இல்லை. "கோயிலுக்குப் போகப்படாதுன்னா அது என்ன வண்டி? பொம்மைன்னா அது! நான் பத்தாயிரமே கட்டிக்கறேன்."

அங்கேதான் எனக்கு உறைத்தது. இந்த வண்டி ஐம்பது வருஷம் பிழைத்தது யாரோ பொத்திப் பொத்தி வைத்ததால் இல்லை. ஓட்டினார்கள், கொதித்தது, இறங்கித் தண்ணீர் ஊற்றினார்கள், பற்று வைத்தார்கள், மறுபடி ஓட்டினார்கள். நிறுத்தி வைத்த மூன்று வருஷத்தில் வந்த துரு, ஓட்டின நாற்பது வருஷத்தில் வரவில்லை. வேரைப் பிடுங்கிக்கொண்டு வந்து வேறு ஊரில் நட்டுக்கொண்ட நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. மொழியோ சமையலோ சொந்தமோ, ஷோகேஸில் வைத்தால் துருதான் பிடிக்கும்.

நோட்டீஸ் கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிறு விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பிவண்டி பைபாஸ், பட்கா, ஷகாபூர், கசாரா. டாஷ்போர்டுக்குக் கீழே மாமா என்றோ மாட்டின டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கொண்டு வருவதுதான் என் வேலை. டிக்கியில் ஒரு கேன் தண்ணீர், பழக்கதோஷம். காட் ஆரம்பித்ததும் மாமா இரண்டாவது கியருக்கு மாற்றினார். முள் பாதியைத் தாண்டியது. முக்கால். மூன்று வருஷம் முன்னால் நின்ற வளைவு எதுவென்று அவர் சொல்லவில்லை, ஆனால் ஓரிடத்தில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முள் முக்காலிலேயே நின்றது, மேலே ஏறவில்லை.

உச்சியில் காடன்தேவி கோயிலுக்குச் சற்று முன்னால் ஒரு புது வண்டி பானெட்டைத் திறந்துகொண்டு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சின்னப் பையன் ஒருத்தன் துணியைச் சுற்றி மூடியைத் திருகப் போனான். மாமா வண்டியை ஓரங்கட்டி, எழுபத்தொன்பது வயசு என்று சொல்லமுடியாத வேகத்தில் இறங்கி ஓடினார். "ஹாத் மத் லகா!" சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்துக்கு வரும். அரைமணி ஆறவிட்டு, மெல்லத் திறந்து, எங்கள் கேன் தண்ணீரை ஊற்றி அனுப்பிவைத்தோம். அவன் எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு "அங்கிள், இது ஏறிச்சா?" என்று இந்தியில் கேட்டான். மாமா பதில் சொல்லாமல் பானெட்டைத் தட்டிக் காட்டினார்.

அங்கேயே திரும்பிவிடலாம் என்று நான் நினைத்தேன். மாமா நாசிக் வரை போகலாம் என்றார். ராம்குண்டில் படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். நான் வண்டிக்குக் காவல் என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டேன்.

நோட்டீஸில் எங்கள் பார்க்கிங் நம்பரை அடித்துவிட்டார்கள். இப்போது ஞாயிறுதோறும் வண்டி மாட்டுங்கா கோயிலுக்குப் போகிறது, வரும்போது காபிப் பொடி வருகிறது. பையனுக்குப் போட்டோ அனுப்பியிருக்கிறார், அடுத்த லீவில் வந்து ஓட்டுகிறேன் என்றானாம். காலி கேனை மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் மறக்காமல் நிரப்பி டிக்கியில் வைத்துவிடுகிறார். "நம்ம வண்டிக்கு வேண்டாம், வழியில யாருக்காவது வேணுமே" என்கிறார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பியட் இருந்திருக்கும். அது எந்த மலையில் கொதித்தது, யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். நிச்சயம் ஒரு கதை வரும்.